பின்பக்கத்தில் வைத்த டிரம்

ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லைத் தாண்டி, இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண்தரை கிடந்தது. குடிவந்து மூன்று வருடம் அதில் நாங்கள் ஒன்றும் வைத்ததில்லை. நான் வண்டி உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் ஷிப்ட் பார்த்தேன். எனக்கும் என் மனைவிக்கும் திருநெல்வேலிப் பக்கம். பேச்சுத் துணைக்கு அவளுக்கு இருந்தது வீட்டுக்காரம்மா மட்டும்தான். அவர்கள் பக்கத்திலேயே கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் செய்தார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ்.

மூன்றாம் வருட மார்கழியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் காலையில் இறந்துவிட்டது. எட்டு வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. என் மாமியார் வந்து ஒரு மாதம் இருந்து பார்த்துக்கொண்டார். அவர் ஊருக்குப் போன பிறகு என் மனைவி பேசுவதையே விட்டுவிட்டாள். சமைப்பாள், தட்டை வைப்பாள், பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். நானும் பேசுகிறவன் இல்லை. எங்கள் வீட்டில் குக்கர் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

மாசிக் கடைசியில் வீட்டுக்காரம்மா ஒரு ஈரத்துணியில் கத்திரி நாற்றும் தக்காளி நாற்றும் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, நட்டது போக மிச்சம் இருக்குது. இந்த எடத்துல வையி."

"எனக்கு எதுக்குக்கா?"

"எனக்கு மட்டும் எதுக்கு? வாடிப்போவுதும்மா, சீக்கிரம் வையி."

அவர் போன பிறகு இவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோசைத் திருப்பியை எடுத்துப்போய் மண்ணைக் கிளறினாள். எங்களிடம் மண்வெட்டி கிடையாது.

பங்குனியில் எல்லாமே வேர்பிடித்து நிமிர்ந்துவிட்டது. அவளே கேட்டு வாங்கி வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினாள். சுவரோரம் ஒரு பீர்க்கங்கொடி ஏறியது. நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவள் செடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். எந்தக் கத்திரியில் பூ விட்டிருக்கிறது, எந்த இலைக்கு அடியில் புழு இருந்தது என்று. ஒருநாள் வீட்டுக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"என் தோட்டத்துல கூட இப்டி வரல. உனக்குக் கைராசிம்மா. சித்திரையில மழை பேஞ்சா என் நெலத்துக்கு மொத வெதை நீதான் போடணும்."

அவர்கள் வீட்டில் அது வழக்கம். எந்த விதையானாலும் முதல் பிடியைக் கைராசியுள்ள ஒரு பெண்ணை அழைத்துத்தான் போடச் சொல்வார்கள். அன்று இரவு சாப்பிடும்போது என் மனைவி அந்த வார்த்தையை இரண்டு முறை சொன்னாள். "என் கையப் போயி ராசின்னு சொல்லுதாங்க." மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கோடையில் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டுக்காரர்களின் போர்க் குழாயிலும் காற்றுதான் வந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிச் சமாளித்தாள், போதவில்லை. அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. வேலையிலிருந்து வரும் வழியில் பழைய சாமான் கடையில் ஒரு பெரிய நீல டிரம் வாங்கினேன். ஓசூரில் கம்பெனிகள் கழித்துப் போடும் டிரம்கள்தான் அப்போது பாதி வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி.

"இதுல என்ன வந்துச்சு?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கூலண்ட்தாண்ணா. கழுவிட்டா போயிரும்."

கடையும்போது சூடு தணிய ஊற்றும் கூலண்ட் தினமும் என் கையில் படும் சரக்கு. பயமில்லை. சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை கழுவினேன். அடியில் வெள்ளையாக ஏதோ கெட்டியாகப் படிந்திருந்தது, தேய்த்தும் போகவில்லை. எங்கள் குழாய்த் தண்ணீர் பட்ட எல்லாப் பாத்திரத்திலும் உப்பு அப்படித்தான் படியும். அதேதான் என்று விட்டுவிட்டேன். செடிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தண்ணீர் வந்த நாளில் நிரப்பிக் கொடுத்தேன். அவள் உள்ளங்கையால் டிரம்மைத் தட்டிப் பார்த்தாள். "இனிமே கவலையில்ல" என்றாள்.

ஒரு வாரத்தில் இலை ஓரங்கள் தீய்ந்தன. வெயில் என்று நினைத்து அவள் இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினாள். பூக்கள் உதிர்ந்தன. பறிக்கலாம் என்று குறித்து வைத்திருந்த முதல் வெண்டைக்காய்கள் காம்பிலேயே கறுத்தன. கடைசியாகப் பீர்க்கங்கொடி சுவரிலிருந்து கழன்று தொங்கியது. அவள் அழவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி மூலையில் குவித்தாள்.

"என் கை பட்டா எதுதான் தங்குது?" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் கேண்டீனில் ஒரு மூத்த பிட்டரிடம் இதைச் சொன்னேன். அவர் தோசையைப் பிய்த்தபடி, "டிரம் அடியில வெள்ளையா கெட்டியா இருந்துச்சா?" என்றார்.

"ஆமாண்ணே. உப்புன்னு நெனச்சேன்."

"உப்புதான்யா. பிளேட்டிங் கம்பெனி உப்பு. தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். செடிக்கு முலாம் பூசிட்டியேப்பா!"

மேஜை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே போனேன். வாசலில் செருப்பைக் கழற்றியதும் அது கலைந்துபோனது. உன் செடியைக் கொன்றது நான் என்று எப்படி ஆரம்பிப்பது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் குழாயடிக்குப் போன நேரத்தில் டிரம்மை உருட்டிக்கொண்டு போய்க் கடையில் திருப்பிப் போட்டேன். "வீட்டுக்குன்னு கேட்டா இதைக் கொடுக்காதீங்க" என்றேன். கடைக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார், காதில் விழுந்ததா தெரியாது. டிரம் எங்கே என்று அவள் கேட்டபோது ஓட்டை என்று பொய் சொன்னேன்.

அப்படியே பதினொரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், வீட்டுக்காரம்மா ஒரு சொளகில் அவரை விதையோடு வந்தார்.

"வாம்மா. மண்ணு பதமா இருக்குது. மொதப் பிடி போட்டுட்டு வந்துரு."

என் மனைவி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "என் கை வேண்டாம்க்கா. வேற யாரையாச்சும் கூப்பிடுங்க."

"என்னாச்சும்மா உனக்கு?"

"வேண்டாம்க்கா. ஒங்க நெலம் நல்லா இருக்கணும்."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொளகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். முந்தானைக்குள் இருந்த கைகளை அவள் வெளியே எடுக்கவில்லை. நான் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தேன்.

"ஏளா, அது ஒன் கையில்ல. நான் வாங்கியாந்த டிரம்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கேண்டீனில் சிரித்தது வரைக்கும்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"பன்னெண்டு நாளாச்சு."

"இத்தன நாளும் நான் என்ன நெனச்சிட்டுக் கெடந்தேன்னு தெரியுமா?"

"தெரியும்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்து நின்றேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"செடிக்குக் காரணம் சொல்லிட்டீங்க. புள்ளைக்கு?"

அதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை. அன்று டாக்டர் அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் புகுந்து கேட்கக் கூச்சப்பட்டு, கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கி வந்தேன். அதையும் அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று வேலைக்குப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு முறை எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தேன். மத்தியானம்தான் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பழைய நோட்டை வரவழைத்துப் பார்த்தார். வயிற்றில் இருக்கும்போதே இருதயம் சரியாக உருவாகவில்லை, தாய் எதுவும் செய்ததாலோ செய்யாததாலோ வந்தது இல்லை, யார் கையில் இருந்திருந்தாலும் தங்கியிருக்காது என்றார். "இதை உங்க மனைவிகிட்ட அப்பவே யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பஸ்ஸில் அந்த வார்த்தைகள் மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் தள்ளி நின்றேன். பிறகு ஒரு படி மேலே உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். மார்கழியிலிருந்து அவளிடம் நான் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியதில்லை.

அவள் வெறும் மண்ணைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். பாதியில் அவள் அழ ஆரம்பித்தாள். நான் நிறுத்தினேன்.

"நிறுத்தாதீங்க" என்றாள்.