பாதி விலை, முழு மாத்திரை

மருந்துக் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. மலிவு விலை மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் சந்தேகத்தையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

கொடைக்கானல் பஜாரில் அரசாங்கம் அப்படி ஒரு கடையைத் திறந்தபோது, மருந்தாளுநர் படிப்புப் படித்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் சுவர்க்கடிகாரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த நான் ஒப்புக்கொண்டேன். நாங்கள் விற்பது வேறு மருந்து அல்ல. மற்ற கடைகளில் பகட்டான பெயர் வைத்துக்கொண்டு வரும் அதே மருந்துதான் இங்கே தன் சொந்தப் பெயரில் வருகிறது. விளம்பரச் செலவு இல்லை, அதனால் விலை குறைவு. இதை நான் தினமும் சொல்கிறேன். தினமும் யாரும் நம்புவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். என் வீட்டிலும் இருக்கிறது. ஆகவே இதெல்லாம் நமக்குள் பேசிக்கொள்வதுதான்.

பெரும்பூண்டும் பொடிப்பூண்டும்

பூண்டி கிராமத்திலிருந்து ராசு முதன்முதலாக வந்த அன்று மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. குரங்குக் குல்லாவும் தோளில் கம்பளியுமாக ஒரு ஆள், பூண்டு விவசாயி. மனைவி பேச்சியம்மாளுக்குப் பிரஷர். தினம் காலையில் ஒரு மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். "இவ அக்காவுக்கு இப்படித்தான் பிரசரு கூடி ஒரு பக்கம் விழுந்துருச்சும்மா. இப்ப வாய் கோணிக் கெடக்கா. இவளும் அப்படி ஆயிறக் கூடாது" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கான மாத்திரை அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். விலையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அட்டையை வெளிச்சத்தில் திருப்பினார். ஒவ்வொரு மாத்திரையாகக் கட்டைவிரலால் அமுக்கினார். பூண்டை ரகம் பிரிக்கிற விரல் அது. பருமனானது ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், பொடி ஒரு குவியல் என்று ஒதுக்கிப் பழகியது. என் மாத்திரை எந்தக் குவியலில் விழுந்தது என்று கேட்காமலே தெரிந்தது. மருந்து ஒன்றுதான், பெயர்தான் வேறு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், வாங்கியும் கொண்டார். வாசலில் இறங்கும்போது சொன்னார்: "பொடிப்பூண்டு வெலைக்குப் பெரும்பூண்டு எவன்மா குடுப்பான்?"

வெளுத்த மாத்திரை

ஸ்டெல்லா ஒரு பள்ளி விடுதியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். தைராய்டு மாத்திரையை இத்தனை காலமும் பிங்க் நிறத்தில் விழுங்கியவர். எங்களிடம் இருந்தது வெள்ளை. "மேடம், எனக்கு பிங்க்தான் சூட் ஆகும்" என்றார். நிறம் மருந்தில் சேர்த்தி இல்லை, அது வெறும் அலங்காரம் என்றேன். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, காய்ச்சலில் படுத்த விடுதிப் பிள்ளையைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொன்னா ரைட்டாத்தான் இருக்கும். ஆனா இதுவே சீக்காளி மாதிரி வெளுத்துப்போய் இருக்கே மேடம், இது என்னைய எப்படிக் காப்பாத்தும்?"

குருவிகளின் சீட்டு

மலைக் கிராமத்துக்காரர்கள் டாக்டர் சீட்டைத் தொலைத்துவிடுவார்கள். காலி மாத்திரை அட்டையைத் தொலைக்க மாட்டார்கள். அதை நூலில் கோர்த்து நாற்றங்காலுக்கு மேலே கட்டிவிடுகிறார்கள். காற்றில் அது சிலுசிலுவென்று திரும்பி மின்ன, குருவி பயந்து விதையைப் பொறுக்காமல் போய்விடுமாம். பள்ளங்கிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். கேரட் பாத்திகளுக்கு மேலே ஒரு குடும்பத்தின் சர்க்கரை, மூட்டுவலி, நெஞ்செரிச்சல் எல்லாம் வெள்ளியாகப் பறந்துகொண்டிருக்கும். துயரத்துக்கு இவ்வளவு வெளிச்சம் உண்டா என்று ஒரு கணம் தோன்றும். அதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிடும்.

ஒரு நாள் பள்ளங்கியிலிருந்து வந்த பெண் அப்படி ஒரு அட்டையை அவிழ்த்துக்கொண்டு வந்து நீட்டினாள். மழையிலும் வெயிலிலும் கிடந்து எழுத்து முழுக்க அழிந்துபோயிருந்தது. இதை வைத்து மருந்து தர முடியாது, டாக்டரிடம் மறுபடி எழுதி வாங்கி வா என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்புட்டுக் குருவிக்கும் இது என்னன்னு தெரியுது, ஒங்களுக்குத் தெரியலயாக்கும்?"

பாயின் பை

கம்பளி, ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் சலீம் பாய் பஜாரில் எல்லோருக்கும் தெரிந்தவர். சர்க்கரைக்கு எங்களிடம்தான் மாத்திரை வாங்குவார். ஆனால் வரும்போதே பெரிய மருந்துக் கடை ஒன்றின் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். எங்கள் மாத்திரை அதற்குள் போகும். பிறகு கதவோரம் நின்று தெருவை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். இதில் என்ன வெட்கம் பாய் என்று கேட்டேன்.

"வெக்கம் இல்லக்கா, யாவாரம். சலீம் பாயே மலிவுக் கடையில நிக்கிறாருன்னா, சீசனுக்கு வாங்குன சரக்கு போகலை போலன்னு நாளைக்கே கடன்காரன் வந்து நிப்பான்."

குழிக்கு ரெண்டு

மாதம் பாதிதான் ஓடியிருந்தது. பாய் தன் பையைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ராசு வந்து நின்றார். வெள்ளனே முதல் பஸ்ஸில் கிளம்பியிருக்கிறார். மாத்திரை தீரப்போகிறது, இன்னும் வேண்டும் என்றார்.

"அதுக்குள்ள எப்படித் தீரும்? தினம் ஒண்ணுதானே?"

"ரெண்டு குடுத்தேம்மா."

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? பூண்டுல பெரும்பல்லுன்னா குழிக்கு ஒண்ணு ஊனுவோம். பொடிப்பல்லுன்னா ரெண்டா ஊனுவோம், அப்பத்தான் மொளைப்பு சரியா வரும். வெலை பாதின்னா வீரியமும் பாதிதான இருக்கும்?"

தப்பு அவர் கணக்கில் இல்லை. கணக்கு போட்ட பொருளில்தான். பேச்சியம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அதத்தாம்மா கேக்கணும்னு வந்தேன். எந்திரிச்சா கண்ணு இருட்டுதுங்கறா. நேத்துக் களை எடுக்கையில பாத்தியிலயே சாஞ்சுட்டா. படுத்துக் கெடக்கா. பிரசரு இன்னும் எறங்கலை போல. ரெண்டு பத்தலைன்னா மூணாக் குடுத்துப் பாக்கவா?"

பஜார் நடுவே

பிரஷர் இறங்காததால் அல்ல, அதிகமாக இறங்கியதால்தான் கண் இருட்டுகிறது என்று அவசரமாகச் சொன்னேன். இனி ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது, உடனே இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர வேண்டும் என்றேன். ராசுவின் கை குல்லாவுக்குப் போனது. வீட்டில் பேச்சியம்மாளுக்குத் துணையாக அவர் தம்பி மனைவி இருந்தாள். காலை மாத்திரையை எடுத்துக் கொடுக்க யாருக்காவது யோசனை வந்தால்? கடைசி அட்டையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. போன் போட்டார். பூண்டியில் சிக்னல் எடுக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

சலீம் பாய் கையிலிருந்த பையை அப்படியே மேசையில் போட்டார். வாசலுக்குப் போய், எங்கள் கடையின் பெயர்ப்பலகைக்கு நேர் கீழே, பஜார் மொத்தமும் பார்க்க நின்று கத்தினார்: "ஏலே காதரு, ஜீப்ப எடு, பூண்டிக்குப் போகணும்!" எதிர்ச்சாரியிலிருந்து யாரோ, "என்ன பாய், மலிவுக் கடையில ஒமக்கு என்ன சோலி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ராசுவைத் தோளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டுத்தான் பாய் திரும்பினார்.

"மாத்திரை வாங்க வந்தேன், வேறென்ன சோலி? ஒமக்கும் சர்க்கரை இருக்குல்ல, வந்து வாங்கும்!"

காரம்

மறுநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் பேச்சியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மெலிந்த, கறுத்த முகம். நகக்கண்ணில் பாத்தி மண் இன்னும் போகவில்லை. மருந்து கூடிப்போய் பிரஷர் மிகவும் இறங்கிவிட்டது, நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், தேறிவிடுவார்; மாத்திரையை இனி நாங்கள் சொல்லும்போது ஆரம்பித்து, தினம் ஒன்றே ஒன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ராசு மரியாதையாக எழுந்து நின்றார். "ஒண்ணுன்னா ஒண்ணுதாம்மா. ஆனா இனி ஒங்க கடை வேணாம். ஒசத்தியா வேற கடையில வாங்கிக் குடுத்துர்றேன்."

"மாசாமாசம் வாங்க முடியுமா?"

"கையில ஓட்டம் இருக்குற மாசம் வாங்குவேன். இல்லாத மாசம் விட்டுட்டு, அடுத்த மாசம் சேத்து..." என்று இழுத்தார். அவள் அக்காவின் கோணிய வாய் எங்கள் மூவருக்கும் நடுவில் வந்து நின்றது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் அதுதான் நடக்கும் என்றேன். அரசாங்கச் சோதனை, தரம், ஒரே மருந்து என்று என் பழைய பாட்டை மறுபடி பாடினேன். அவர் தலையை ஆட்டினார். நம்பாதவர்கள்தான் அவ்வளவு பணிவாகத் தலையாட்டுவார்கள்.

சுவரைப் பார்த்தபடியே பேச்சியம்மாள் பேசினாள். "என்னங்க, போன வருசம் வெலை விழுந்து நம்ம பூண்ட பாதிக்குப் பாதியாத் தள்ளிட்டு வந்தீங்களே, அதுல காரம் பாதியாவா போயிருந்துச்சு?"

"அதெப்படிடி போகும்? மலைப்பூண்டுடி அது! வெலை வச்சவன் வச்சான். பூண்டு என்ன செஞ்சுச்சு?"

"வாங்குனவ வெலை கம்மின்னு ரெண்டு மடங்காக் கொழம்புல போட்டிருந்தா?"

"வாயில வைக்க முடியாது" என்று சொன்னவர், பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அந்தக் கொழம்புதாங்க நானு."

ஆள் மாறி

வாரங்கள் கழித்து இருவரும் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். பேச்சியம்மாள் தன் காலால் படியேறி வந்தாள். தினம் ஒன்று, எங்கள் கடை மாத்திரைதான். பிரஷர் சரியாக நிற்கிறது. அவள் வார்டில் இருந்தபோது, சும்மா உட்கார்ந்திருந்த ராசுவின் கையிலும் நர்ஸ் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்திருக்கிறாள். பேச்சியம்மாளுக்கு முதலில் இருந்ததைவிட அவருக்குக் கூடுதல். இப்போது அவருக்கும் ஒரு சீட்டு.

அவர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். விலையைக் கேட்டவர், பேச்சியம்மாளின் அட்டையையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்குத்தான பிரசரு கூட? என்னுது வெலை எதுக்கும்மா அவளுக்குள்ளத விடக் கம்மியா இருக்கு?" என்றார், கொஞ்சம் மனத்தாங்கலோடு. கட்டைவிரல் தானாகவே மாத்திரையை அமுக்கப் போனது. பேச்சியம்மாள் அதைத் தட்டிவிட்டு, இரண்டு அட்டைகளையும் எடுத்து முந்தானையில் தனித்தனி முடிச்சாகப் போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்குக் குடுத்த ரெண்டாவது மாத்திரை இவருக்கு உள்ளதும்மா. ஆளு மாறி நான் முழுங்கிட்டேன்."

இந்த மலையில் எதன் விலை இறங்கினாலும் முதலில் இறங்குவது அதன் மரியாதை; ரத்த அழுத்தம் அதற்குப் பிறகுதான் இறங்குகிறது.