சோற்றுப் பருக்கையால் ஒட்டிய தாள்கள்

அவர் மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டுபவர். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகவே போகாது. நான் கள்ளிக்குப்பத்தில், வீட்டிலிருந்தே ஒரு சிற்றிதழ் நடத்திவந்தேன். எல்லோரும் மின்னஞ்சலில் கவிதை அனுப்ப, அவர் மட்டும் தாளில் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையும் வைத்து அனுப்புவார். ஐந்து முறை திருப்பி அனுப்பினேன். ஐந்தாவது உறையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"படிச்சியா சார்?"

"முழுசாப் படிச்சேன். முதிர்ச்சி போதலை."

உறையிலிருந்து இரண்டு தாள்களை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"நான்தான் சோத்துப் பருக்க வெச்சு ஒட்னேன். பிரிக்காமயே உள்ள இன்னா கீதுன்னு எப்டி சார் தெரிஞ்சுது? நீ இன்னா, சாமியாரா?"

மாட்டிக்கொண்ட ஆத்திரத்தில், "வெளியே போய்யா!" என்று கத்தினேன்.

"போறேன். இனிமே உனுக்கு ஒரு வரி அனுப்ப மாட்டேன்."

அனுப்பவும் இல்லை. ஐந்து முறையும் முதல் தாளோடு நிறுத்தியவன் நான். படித்ததாகப் பொய் சொன்ன இந்த வாயை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த இரண்டாம் தாளில் அவர் என்ன எழுதியிருந்தார் என்பது எனக்குத் தெரியவே போவதில்லை.