முபீன் வந்து உடைக்கவிருந்த பெட்டி

கல்முனைக்குடியில் அபாயா தைக்க வேண்டுமென்றால் பெண்கள் ஸுஹைறாவைத்தான் தேடிப் போவார்கள். கை சுத்தம், கதை குறைவு. அவளுடைய புருஷன் முபீன் நேரெதிர். ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற போட்டில் அவனுக்கு வேலை. கரைக்கு வந்துவிட்டால் வாய் ஓயாது. அதிலும் பாதிக்கதை கிரிக்கட் படங்களைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அவன் சின்னவனாக இருந்த காலத்தில் பபுல்கம் பக்கட்டுக்குள் கிரிக்கட் வீரர் ஒருவரின் படமும் சேர்ந்து வரும். பள்ளிக்கூடத்துப் பொடியன்மாரோடு மாற்றி மாற்றி அவன் சேர்த்தவற்றைச் சுனாமி வீட்டோடு வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்த நினைப்பே அவனுக்கு இருக்கவில்லை. மகள் நிஹ்லா வளர்ந்து, அவனோடு இருந்து மெச் பார்க்கத் தொடங்கியபோதுதான் பழைய ஆசை திரும்பவும் பிடித்தது. பேஸ்புக்கில் அங்கங்கே ஆட்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாக வாங்கினான். கடலிலிருந்து வந்து குளித்ததும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படங்கள் வைத்த அல்பத்தை விரிப்பான்.

"நாப்பது வயசாகப் போகுது. இன்னும் புள்ளைகள்ற வெளயாட்டு" என்று ஸுஹைறா ஏசுவாள்.

"ஒண்டுதான்கா இன்னம் இல்ல. அது கிடைச்சா நான் இதத் தொடவே மாட்டன்."

அந்த ஒன்று சிம்பாப்வே அணியின் மேலதிக வீரர் ஒருவரின் படம். அவர் ஒரு ஆட்டத்திலும் இறங்கியதில்லை என்று முபீன் சொல்வான். யாரும் பத்திரப்படுத்தாததால்தான் அது அருமையாகிப் போனதாம்.

கடைசியாக அவன் கடலுக்குப் போன அன்று துறைமுகத்திலிருந்து போனில் கோல் எடுத்தான். மாத்தளையில் மூடிக்கிடந்த பழைய கடையொன்றைத் துப்புரவாக்கும்போது உடைக்காத பபுல்கம் பெட்டியொன்று கிடைத்திருக்கிறது. அதை அவன் விலை பேசி எடுத்துவிட்டான்.

"பார்சல் வரும், எடுத்து வை. உடைச்சிராத புள்ள. நான் வந்து நிஹ்லாவோட உடைக்கிறன்."

"ஓம் ஓம். நீங்க முதல்ல பத்திரமா வாங்க" என்றாள் அவள். தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்ததால் அவன் பிறகு சொன்னது சரியாகக் கேட்கவில்லை.

பார்சல் வந்தது. முபீன் வரவில்லை.

முதலில் காற்று என்றார்கள். பிறகு எஞ்சின் பழுதாகியிருக்கும் என்றார்கள். இப்படிக் காணாமற்போன போட்டுகள் அந்தமானிலும் மாலைதீவிலும் ஒதுங்கி, ஆட்கள் உயிரோடு திரும்பிவந்த கதைகளை ஊரே எடுத்துச் சொன்னது. ஸுஹைறா அவற்றைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியை அலுமாரியில், அவனுடைய சாரங்களுக்கு மேலே வைத்துப் பூட்டினாள். நிஹ்லா கேட்கும்போதெல்லாம், "வாப்பா வந்துதான் உடைக்கிற" என்றாள்.

பிறகு வாழைச்சேனைப் போட்டுக்காரர் நடுக்கடலில் ஒரு போட்டைக் கண்டார்கள். அது கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த இலக்கம் முபீன் போன போட்டுடையது. தேடியும் ஒருவருடைய மையித்தும் கிடைக்கவில்லை. கூடப் போன மற்றவர்களின் வீடுகளில் அழுது முடித்து, அவர்களுடைய பெண்சாதிமார் வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவர்கள் இருக்கிற இத்தாவில் இருக்கத் தொடங்கினார்கள். ஸுஹைறா மட்டும் நிற உடுப்போடு மெசினில் இருந்தாள். அவளுடைய அண்ணன் நஸீம் காக்கா மௌலவியைக் கூட்டிவந்தார். மௌலவி பக்குவமாக எல்லாவற்றையும் விளக்கினார். அவள் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "கவுந்தது போட்தானே. அவரில்லையே" என்றாள்.

முபீனின் மூத்த ராத்தா பஸ்மிலா ஒரு பின்னேரம் வந்தாள். தாய் மௌத்தான பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஸுஹைறா வைத்த தேத்தண்ணியை அவள் தொடவில்லை.

"நீ காத்திரிக்கிறது எனக்கு வெளங்குது புள்ள. நான் உன்னக் குத்தஞ் சொல்ல வரல்ல" என்றாள். "ஆனா மத்தவனுகளுக்கெல்லாம் பள்ளியில மையித்துத் தொழுகை தொழுதாச்சி. என்ட தம்பிக்கு மட்டும் தொழல்ல. அவனுக்குக் கபுறும் இல்ல. ஒரு புடி மண்ணும் போடல்ல. அந்தத் தொழுகையையாவது குடு ஸுஹைறா. நான் உன்ட கால்ல உழட்டா?"

"அல்லாஹ்வே, என்ன மதினி இது!" என்று ஸுஹைறா அவளுடைய கையைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்த ஒருவரும் இத்தனை நாளும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. எல்லாரும் சொல்லத்தான் வந்தார்கள். கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப அவளால் முடியவில்லை.

"நாளைக்குச் சொல்றன் மதினி" என்றாள்.

மறுநாள் நிஹ்லா பள்ளிக்கூடத்தால் வந்து சோறு தின்ற பிறகு, ஸுஹைறா அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துப் பாயில் வைத்தாள்.

"அல்பத்தக் கொண்டு வா."

நிஹ்லாவுக்கு நம்ப முடியவில்லை. ஓடிப்போய் அல்பத்தோடு வந்தாள். பெட்டியைத் திறந்ததும் புளித்துப்போன சீனியின் மணம் வந்தது. பபுல்கம் எல்லாம் கல்லாகி, சிலதில் பொடியாகிக் கொட்டியது. மெழுகுத்தாள் படத்தோடு ஒட்டிக்கிடந்ததால் தையல் கத்தரிக்கோலின் நுனியால் மெதுவாக நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஸுஹைறா எடுத்துக் கொடுக்க, நிஹ்லா அல்பத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது கிடக்கு உம்மா. இதும் கிடக்கு. அட, இது வாப்பாட்ட ரெண்டு கிடக்கு!"

நெடுநாளைக்குப் பிறகு பிள்ளை சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ஸுஹைறாவும் அந்த ஒரு படத்துக்காகத் தவிக்கத் தொடங்கினாள். பக்கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் வாய்க்குள் பிஸ்மி சொன்னாள். அது வந்தால் அவன் ஏதோவொரு கரையில் இருக்கிறான் என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள். அப்படி நினைப்பது பிழை என்று தெரிந்தும் நினைத்தாள். பச்சைச் சட்டைகள் வந்தன, நீலம் வந்தது. சிம்பாப்வேயின் சிவப்புச் சட்டை வந்தபோது இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அது வேறு ஆள்.

பெட்டி காலியாயிற்று. நிஹ்லா அதைக் கவிழ்த்துத் தட்டினாள். பபுல்கம் தூள்தான் கொட்டியது.

"இதிலயும் இல்ல உம்மா. வாப்பா வந்தா மறுகா வேற ஆக்கள்ட்டக் கேட்டுப் பாப்பாரு, என்ன?"

ஸுஹைறா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"வாப்பா வரமாட்டாரு மகள்."

நிஹ்லா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு பாய் முழுக்கக் கிழிந்து கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

"வாப்பா வந்துதான் உடைக்கிற எண்டு நீதானே சொன்ன? அப்ப ஏன் உடைச்ச? நீ உடைச்சதாலதான்!"

அவள் தாள்களை அள்ளிப் பெட்டிக்குள் திணித்தாள். ஒவ்வொரு படத்தையும் அதனதன் தாளில் திரும்பச் சுற்றப் பார்த்தாள். காய்ந்த தாள் விரல்களுக்குள் நொறுங்கியது. ஸுஹைறா கட்டிப்பிடிக்கப் போனதும் உதறிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஸுஹைறா பஸ்மிலாவுக்குக் கோல் எடுத்தாள். "தொழச் சொல்லுங்க மதினி" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பஸ்மிலா வெள்ளைத் துணியோடு வந்தாள். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கும் ஸுஹைறாவுக்கு அந்த உடுப்பை வேறொருத்திதான் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. கடலில் மௌத்தான சகோதரருக்காகக் மையித்து இல்லாமல் தொழுகிற காயிப் ஜனாஸாத் தொழுகை என்றார்கள். பெயருக்கு முன்னால், மௌத்தானவர்களுக்குப் போடுகிற 'மர்ஹூம்' என்ற சொல் வந்தது. மர்ஹூம் முபீன். அந்த இரண்டு சொற்களையும் சேர்த்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்திலிருந்த பஸ்மிலா வாய்விட்டு அழுதாள். ஸுஹைறாவின் கண்ணில் தண்ணீர் வரவில்லை. தக்பீர் சொல்லும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருவில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகக் கிளம்பிப் போயின.

சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். ஸுஹைறா ஒரு கோப்பையில் போட்டுப் பிசைந்து, நிஹ்லாவின் பக்கத்தில் போய் இருந்தாள். ஒரு கவளத்தை நீட்டினாள். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தாள்.

"ஒரு வாய் மட்டும் மகள்."

நிஹ்லா வாயைத் திறக்கவில்லை. நீட்டிய கையை எடுக்கத் தெரியாமல் ஸுஹைறா அப்படியே இருந்தாள்.