காலி அட்டை

மாத்திரை அட்டையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது.

விசைத்தறி ஓட்டிய என் கணவருக்குக் கை நடுங்கியது. என் பெயர்கூட மறந்துபோனது. "குடிச்சே மூள கெட்டுட்டு" என்றது எங்கள் சங்கரன்கோவில் தெரு. அவர் குடித்ததே இல்லை.

திருநெல்வேலி டாக்டர், அவர் சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டார். அதில் ஒன்று, தலைசுற்றலுக்கு எங்கள் ஊர் டாக்டர் எப்போதோ ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதிக்கொடுத்தது. மருந்துக்கடையில் காலி அட்டையைக் காட்டிக் காட்டி அதை வருஷக்கணக்கில் வாங்கியிருந்தேன்.

"நடுக்கம், மறதி எல்லாத்துக்கும் இதுதாம்மா காரணம்."

டாக்டர் சொன்னபடி நிறுத்தினோம். சில மாதங்களில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்.

மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "நீங்க கேட்டிய, நான் குடுத்தேன்" என்று சிரித்தார். அப்போதே ஒரு பெண் அதே மாத்திரையின் காலி அட்டையை நீட்ட, புதியதை எடுத்துக் கொடுத்தார்.

காறித் துப்பத் தோன்றியது. முடியவில்லை. அப்படி நீட்டிய கை என்னுடையதும்தானே.