வரிசையில் அண்ணன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். அதே ஆலையில் என் அண்ணன் பதிலித் தொழிலாளி. நிரந்தரக்காரர் யாராவது லீவு போட்டால்தான் அவனுக்கு அன்றைக்கு வேலை. நிரந்தரமானால் பெண் தருவதாகச் சுந்தரபாண்டியத்தில் ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "பதிலி ஆளுகள்ல சீனியர் பத்துப் பேர நிரந்தரமாக்கப் போறோம். சேந்த தேதிப்படி வரிசையா எடுத்துக் குடும்மா."

தேதிவாரியாக அடுக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். திரையில் மூன்றாவது வரியிலேயே அண்ணன்! உடனே பஸ் ஏறி அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. அப்புறம்தான் கடைசி வரியைப் பார்த்தேன். அண்ணனுக்கு வேலை பழக்கிவிட்ட, எங்கள் ஊர் மடவார் வளாகத்துக்காரர் அங்கே கிடந்தார். அவர் எங்கள் அண்ணனுக்குப் பல வருஷம் மூத்தவர்.

எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் தேதிகளைத் தேதியாகப் பதியாமல் வெறும் எழுத்தாகப் பதிந்திருந்தார். எழுத்து என்றால் இயந்திரம் இடப்பக்கத்திலிருந்துதான் ஒப்பிடும். அங்கே முதலில் இருப்பது நாள்; மாதமும் வருஷமும் அதற்கு அப்புறம். எந்த வருஷமானாலும் இரண்டாம் தேதி சேர்ந்தவன் மேலே, இருபத்தொன்பதாம் தேதி சேர்ந்தவர் கீழே. அண்ணன் சேர்ந்தது செப்டம்பர் இரண்டு.

மேனேஜருக்குக் கம்ப்யூட்டர் சொன்னால் வேதவாக்கு. அப்படியே கொடுத்தால் கேட்க நாதியில்லை. அந்த நினைப்பே எனக்குப் பயமாக இருந்தது. வருஷம், மாதம், நாள் என்று மாற்றிப் போட்டு மறுபடி அடுக்கினேன். விசையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். எப்படியாவது பத்துக்குள் வந்துவிடு என்று வேண்டாத தெய்வமில்லை.

மடவார் வளாகத்துக்காரர் மேலே ஏறிவிட்டார். அண்ணன் பதினொன்றாவது.

சாயங்காலம் அண்ணன் எனக்கு முன்பே வீட்டில் இருந்தான். ஆலையில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அம்மா என்னைத்தான் கேட்டாள்.

"ஏட்டி, அவன் பேரு வந்துருச்சா?"

"இல்லம்மா. ஒரு ஆளுல தட்டிப்போச்சு."

"எவன் அவன்? எப்பச் சேந்தானாம்?"

பத்தாவதாக வந்த ஆளுக்கும் அண்ணனுக்கும் ஒரே நாளில்தான் வேலைக்கு உத்தரவு வந்தது. கெட்ட மாசத்தில் காலெடுத்து வைத்தால் விளங்காது என்று ஆவணி வளர்பிறை வரை அண்ணனை நிறுத்தி வைத்தவள் அம்மா.

"ஆடியிலம்மா" என்றான் அண்ணன்.