மடுவத்துச் சுவர்

கையில் பிடித்துத் தேயிலைக் கொழுந்து வெட்டும் பேட்டரி மெஷினை விற்பது என் வேலை. பேஸ்புக்கிலும் பதுளை பஸ் ஸ்டாண்டிலும் விளம்பரம் போட்டுப் பார்த்தேன். வாங்க வேண்டிய தோட்டத் துரைமார் ஒருவர்கூட அழைக்கவில்லை. அதனால் போஸ்டர்களைச் சுருட்டிக்கொண்டு மடுல்சீமைத் தோட்டத்துக்கே போனேன்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஓர் அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். விரல்களில் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருந்தது. எதைத் தொடுவதற்கு முன்பும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தொர கண்ணுல படுற மாதிரி எங்கம்மா ஒட்டலாம்?" என்று கேட்டேன்.

"இந்தச் செவருதாங்க தம்பி. கொழுந்து நிறுக்கிறப்ப தொர இதுக்கு நேராதான் நிப்பாரு."

சுவர் பனியில் நனைந்திருந்தது. அவரே படங்கை அவிழ்த்து அழுத்தித் துடைத்துத் தந்தார். ஒட்டி முடித்ததும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து, "என்னா போட்டிருக்கு?" என்றார்.

ஐந்து பேர் வேலைக்கு ஒருவர் போதும் என்று போட்டிருந்தது.

"வேல லேசாகும்னு போட்டிருக்கும்மா," என்றேன்.

"நல்லதுதானே தம்பி," என்றபடி போஸ்டரின் ஓரங்களையும் அழுத்திவிட்டார்.

மழை பெய்யும்போதெல்லாம் அந்தப் போஸ்டர் கழன்று விழுந்திருக்காதா என்று நினைக்கிறேன். விழுந்திருக்காது. சுவரை அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தார்.