விடுதலையானேன் என்று நான் சொன்ன பொய்

நான்கு வருடங்களுக்கு முன்பு, இதே சபையில் நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். "கர்த்தர் என்னை ஹெரோயினிலிருந்து விடுவித்துவிட்டார்" என்றேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை மூச்சில்லாமல் கிடந்தேன். உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதனால்தான் திரும்பவும் பேச வந்திருக்கிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், ஆஹென் என்று உணவகங்களில் கோப்பை கழுவித் திரிந்தவன். ஓரிடத்தில் ஆறு மாதம் தங்கியதில்லை. ஆஹெனில் கூட வேலை செய்த ஒருவன் முதுகுவலிக்கு நல்லதென்று ஹெரோயினைப் புகைக்கத் தந்தான். வலி போனது. பிறகு ஊசிக்கு மாறினேன். வேலை போனது, அறை போனது. டுசல்டோர்ஃபில் அக்கா வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டேன்.

சாப்பாட்டுத் தட்டின் மேலேயே தூங்கி விழுவேன். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. கண்மணி ஊசித்துளை போலச் சுருங்கியிருக்கும். ஓயாமல் சொறிவேன். வீட்டு ஜெபத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் இதைப் பார்த்தீர்கள். "தம்பிக்கு அலைச்சல் களைப்பு" என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போனீர்கள்.

ஒருநாள் அக்கா குளியலறையில், நான் ஊசிக்குத் தூள் காய்ச்சிக் கருகிய கரண்டியைக் கண்டெடுத்தார்.

"இது என்னடா?"

"சூப் வைச்சனான்."

"பாத்ரூமுக்கையோ சூப் வைக்கிறனி? என்னை விசரி எண்டு நினைச்சியோ?"

மறுநாளே டொக்டரைப் பார்க்க ரெர்மின், அதாவது நேரம் குறித்து எடுக்கப் புறப்பட்டார். சபை மூத்தவர் ஒருவர் தடுத்தார்.

"டொக்டரிட்ட போனா எல்லாருக்கும் தெரிஞ்சிடும், தங்கச்சி. பிறகு உங்கட மகளை ஆர் பொம்பிளை கேப்பினம்? உபவாசம் போடுவம்."

எட்டு நாள் என்னை ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். வாந்தி, வயிற்றோட்டம், எலும்பை முறிக்கிற வலி. வெளியே பாட்டு. ஞாயிற்றுக்கிழமை நடக்க ஏலாமல் இருந்த என்னைக் கொண்டுவந்து மேடையில் ஏற்றினார்கள்.

"இப்ப வேண்டாம் அண்ணை, எனக்கு இன்னும் ஆசை இருக்கு" என்றேன்.

"சாட்சி சொன்னாத்தான் தம்பி விடுதலை நிலைக்கும்" என்றார் மூத்தவர்.

சொன்னேன். அதன்பிறகு ஆசை இருக்கிறதென்று யாரிடம் போய்ச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை குளியலறையைப் பூட்டிக்கொண்டு பழைய அளவையே ஏற்றினேன். பத்து நாள் விட்ட உடம்பு அந்த அளவைத் தாங்காது. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் தெரியாது. தெரியாமலே பூட்டினீர்கள்.

அக்கா கத்தி முனையால் பூட்டைத் திருப்பித் திறந்தபோது என் உதடு நீலம். அம்புலன்சுக்கு அடித்தார். தொலைபேசியில் சொன்னபடியே என் வாயில் ஊதினார். ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவில் ஒரே ஜெபம்: "இயேசப்பா, இவனை எனக்குத் தாங்கோ." வந்தவர்கள் என் மூக்கில் ஒரு மருந்தை அடித்தார்கள். மூச்சு வந்தது. கர்த்தர் செய்த அற்புதம் இதுதான். மேடையில் நான் சொன்னது அல்ல.

"இது நோய். மருந்து இருக்கிறது" என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். அன்று தொடங்கியது மெதடோன், ஹெரோயின் ஆசையை அடக்கும் மருந்து. முதலில் தினமும் காலையில் டொக்டர் முன்னால் நின்று குடித்தேன். இப்போது வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். ஆலோசகர் ஒருவரிடமும் பேசுகிறேன். இரண்டு வருடமாக ஒரே சமையலறையில் வேலை. என் வாழ்க்கையில் இதுவரை நடக்காத காரியம்.

போன மாதம் மூத்தவர் கேட்டார்: "அந்த மருந்தையும் விட்டாத்தானே தம்பி முழு விடுதலை?"

"நீங்கள் இன்சுலினை எப்ப விடுறியள் அண்ணை?" என்றேன்.

இந்த மண்டபத்தில் இன்றும் ஒரு தாய் மகனைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கிறார். எனக்குத் தெரியும். அம்மா, அவனைப் பூட்டாதீர்கள். மேடையிலும் ஏற்றாதீர்கள். டொக்டரிடம் போக வெட்கமென்றால் நான் கூட வருகிறேன், நாளைக்கே. காத்திருக்கும் அறையில் சேர்ந்து ஜெபிப்போம். கர்த்தர் அங்கேயும் கேட்கிறார்.